பால் டப்பாவும் குழந்தையின் எதிர்ப்பாற்றலும்

எலெக்ட்ரானிக் சிட்டியில் உள்ள எங்கள் கிளைக்கு, மகளின் பெயரில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்க ஓர் இளம் தாய் வந்திருந்தார். மகப்பேறு விடுப்பு முடிந்து, மறுவாரம் மென்பொருள் நிறுவனப் பணிக்குத் திரும்பவிருந்தவர். கைப்பேசியில் இரண்டு பவுடர் பால் டப்பாக்களின் படத்தைக் காட்டி, "டி.எச்.ஏ. சேர்த்தது விலை கூடுதல் சார். உண்மையிலேயே நோயைத் தடுக்குமா?" என்று கேட்டார். வணிகவியல் பட்டதாரியான எனக்கு விடை தெரியவில்லை. பின்னர்த் தேடிப் படித்தேன்.

டி.எச்.ஏ. என்பது ஒமேகா-3 வகைக் கொழுப்பு அமிலம், ஏ.ஆர்.ஏ. எனப்படும் அரக்கிடோனிக் அமிலம் ஒமேகா-6 வகை. தாய்ப்பாலில் இரண்டும் உண்டு. எதிர்ப்பாற்றல் செல்களின் உறையில் இவை படிகின்றன. கிருமி நுழையும்போது, ஏ.ஆர்.ஏ.விலிருந்து உருவாகும் புரோஸ்டாகிளாண்டின் போன்ற பொருள்கள் அழற்சியைத் தூண்டிப் போரைத் தொடங்குகின்றன, டி.எச்.ஏ.விலிருந்து உருவாகும் ரிசால்வின்கள் வேலை முடிந்ததும் அழற்சியைத் தணிக்கின்றன. எதனோடு போரிடுவது, உணவையும் குடலின் நற்கிருமிகளையும் எவ்வாறு பொறுத்துக்கொள்வது என்று பிறந்த குழந்தையின் உடல் இனிமேல்தான் கற்க வேண்டும். எனவே ஒன்றின் அளவைவிட இரண்டின் விகிதமே முக்கியம். டி.எச்.ஏ. சேர்த்தால் ஏ.ஆர்.ஏ.வும் குறைந்தது அதே அளவு இருக்க வேண்டும் என்கிறது கோடெக்ஸ் எனும் பன்னாட்டு உணவுத் தரம். ஐரோப்பிய ஒன்றியமோ 2020 முதல் டி.எச்.ஏ.வை மட்டும் கட்டாயமாக்கியது. அதற்கு ஊட்டச்சத்து அறிஞர் பலர் மறுப்புத் தெரிவித்தனர்.

மைசூருவின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் 1950-களில் எருமைப் பாலிலிருந்து குழந்தை உணவு தயாரிக்கும் முறையை உருவாக்கியது. அமுல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. எளிதில் செரிக்கச் செய்வதே அன்றைய கவலை. இன்று பாசியிலிருந்தும் மீன் எண்ணெயிலிருந்தும் டி.எச்.ஏ. எடுத்துச் சேர்க்கிறார்கள்.

பயன் உண்டா? சில ஆய்வுகளில் சளித் தொல்லையும் ஒவ்வாமையும் குறைந்துள்ளன. வேறு சிலவற்றில் வேறுபாடே இல்லை. நிறைமாதக் குழந்தைகளின் பார்வை, அறிவு வளர்ச்சி ஆகியவற்றில் தெளிவான நன்மை தென்படவில்லை என்றது 2017-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு. கூடுதல் விலைக்கு இது போதுமான ஆதாரம் என்று எனக்குத் தோன்றவில்லை. மேலும், தாய்ப்பாலில் உள்ள எதிர்ப்பொருள்களும் உயிருள்ள வெள்ளணுக்களும் எந்த டப்பாவிலும் இல்லை. பவுடர் பாலுக்கு விளம்பரம் செய்வதை 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருப்பது காரணமின்றி அன்று.

அந்தத் தாய் மீண்டும் வந்தபோது இரண்டு செய்திகளைச் சொன்னேன். தாய்ப்பாலின் டி.எச்.ஏ. அளவு தாயின் உணவைப் பொறுத்தது; மத்தி மீன் மிக நல்லது. ஆளி விதையும் அக்ரூட்டும் ஓரளவே ஈடுசெய்யும். அடுத்தது, 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும், தாய் நாளுக்கு நான்கு முறை அங்குச் சென்றுவரலாம் என்றும் 2017-இல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டது.

"நான்கு முறையா? எங்கள் மனிதவளப் பிரிவில் யாரும் சொல்லவில்லையே சார்" என்றவர், அதைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டு புறப்பட்டார்.