கார்டு உறையில் தொடங்குங்கள்: கையால் தோல் தைக்க ஒரு வழிகாட்டி

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்தில் தோலோடு சம்பந்தமில்லாத குடும்பம் குறைவு. ஆனால் ஷூ கம்பெனியில் கட்டிங்கில் இருப்பவருக்குக் கட்டிங் மட்டும்தான் வேலை. தையலில் இருப்பவருக்குத் தையல் மட்டும்தான். அளவெடுப்பதிலிருந்து ஓரம் தேய்ப்பது வரை ஒரு பொருளைத் தானே செய்து முடிக்கும் வாய்ப்பு அங்கே அநேகமாக யாருக்கும் வாய்ப்பதில்லை. வீட்டில் பொழுதுபோக்காகச் செய்தால் அது கிடைக்கும். நாற்பது, ஐம்பது வயதில் புதிதாக எதையாவது கற்க நினைப்பவர்களுக்கு இது தோதான கைவேலை.

முதலில் ஏடிஎம் கார்டு உறை ஒன்று செய்யுங்கள். இரண்டு துண்டு, ஒரே தையல் வரிசை. பர்ஸும் பையும் பிறகு.

1. தோல் வாங்குதல்

தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்பார்கள். உங்களுக்குக் கையகலத் துண்டு போதும் என்பதால் மிச்சத் துண்டு விற்கும் கடைகளில் கேளுங்கள். சென்னைவாசிகளுக்குப் பெரியமேடு இருக்கிறது. கம்பெனியில் வேலை செய்யும் சொந்தக்காரரிடம் “கொஞ்சம் எடுத்து வா” என்று கேட்டு அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடாதீர்கள்.

தடிமன் 1 முதல் 1.2 மி.மீ. இருக்கட்டும். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். சாயம் உள்வரை ஏறாத தோலில் நடுப்பகுதி நீலம் கலந்த சாம்பலாக இருந்தால் குரோம் தோல். பழுப்பாக இருந்தால் பெரும்பாலும் ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றால் பதனிட்டது. பழகுவதற்குப் பின்னதே நல்லது. விறைப்பாக நிற்கும், ஓரம் தேய்த்தால் பளபளக்கும்.

2. கருவிகள்

ஸ்டீல் ஸ்கேல், புது பிளேடு போட்ட கட்டர், குத்தூசி, முனை மழுங்கிய ஊசி இரண்டு, மெழுகு பூசிய பாலியஸ்டர் நூல், ரப்பர் சொல்யூஷன், உப்புத்தாள். விலை உயர்ந்த ‘செட்’ இப்போது வேண்டாம்.

3. வெட்டுதல்

கார்டின் அளவு ஏறக்குறைய 8.6 × 5.4 செ.மீ. அட்டையில் 10 × 6 செ.மீ. அளவுக்கு மாதிரி வெட்டி, அதை வைத்துத் தோலில் இரண்டு துண்டு வரையுங்கள். ஸ்கேலை அழுத்திப் பிடித்து, ஒரே மூச்சில் அறுக்காமல் இரண்டு மூன்று முறை இழுத்து வெட்டுங்கள். 10 செ.மீ. பக்கம்தான் மேல்விளிம்பு, அதாவது உறையின் வாய்; ஒரு துண்டில் அந்த விளிம்பின் நடுவில் ரூபாய் நாணயத்தை வைத்து அரைவட்டம் எடுத்தால் கார்டைக் கட்டைவிரலால் தள்ளி எடுக்கலாம். உறையின் வாய் ஓரத்தை, 7-ல் சொல்லியிருக்கும் முறைப்படி, இப்போதே தேய்த்துவிடுங்கள். ஒட்டிய பிறகு கை நுழையாது.

4. ஒட்டுதல்

வாயை விட்டு மற்ற மூன்று பக்கமும், இரண்டு துண்டிலும், 3 மி.மீ. அகலத்துக்கு சொல்யூஷன் தடவுங்கள். விரலில் ஒட்டாத பதம் வந்ததும் சேர்த்து அழுத்துங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

5. துளையிடுதல்

விளிம்பிலிருந்து 3 மி.மீ. தள்ளிக் கோடு போடுங்கள். முள்கரண்டியை அந்தக் கோட்டில் அழுத்தினால் புள்ளிகள் விழும். அடுத்த முறை, கடைசிப் புள்ளியில் முதல் பல்லை வைத்து அழுத்துங்கள், இடைவெளி மாறாது. அடியில் பழைய ரப்பர் செருப்பை வைத்து, குத்தூசியைச் செங்குத்தாக இறக்குங்கள்.

6. தைத்தல்

தையல் நீளம் சுமார் 22 செ.மீ.; நூல் அதைப்போல் நாலு மடங்குக்குக் குறையக் கூடாது, ஒரு மீட்டர் எடுங்கள். நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, முதல் துளையில் நூலைச் சரிபாதியாக இழுத்துவிடுங்கள். பிறகு ஒவ்வொரு துளையிலும் இடது ஊசி வலப்பக்கமும் வலது ஊசி இடப்பக்கமும் போக வேண்டும். எந்த ஊசி முதலில் என்பதைக் கடைசிவரை மாற்றாதீர்கள். மாற்றினால் தையல் கோணலாகும். ஒரு நூல் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும் என்பதே மெஷின் தையலைவிட இதற்குள்ள பலம். 1837-ல் குதிரைச் சேணப் பட்டறையாகப் பாரிஸில் தொடங்கிய ஹெர்மேஸ் தன் பைகளில் இன்றும் இந்தக் கைத்தையலை விடவில்லை. முடிவில் மூன்று துளை பின்னோக்கித் தைத்து, நூலை வெட்டி, நுனியைத் தீக்குச்சியால் உருக்குங்கள்.

கை பிடிபடவில்லையா? தெருமுனையில் செருப்புத் தைக்கும் அண்ணனிடம் ஒரு மணி நேரக் கூலி கொடுத்துக் கற்றுக்கொள்ளுங்கள். குத்தூசியின் சூட்சுமம் அவருக்குத் தெரியும்.

7. ஓரமும் மிச்சமும்

ஓரத்தை உப்புத்தாளால் சமப்படுத்தி, லேசாக ஈரம் தொட்டு, பருத்தித் துணியால் மினுக்கம் வரும்வரை தேய்க்க வேண்டும். குரோம் தோலில் இந்த மினுக்கம் வராது, அப்படியே விடுங்கள். அதன் மிச்சத் துண்டுகளை அடுப்பிலோ குப்பையோடோ எரிக்காதீர்கள். எரித்தால் நச்சான குரோமியம் உருவாகலாம். தோல் கழிவால் பாலாறு பட்ட பாடு 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போன ஊர் இது.

முதல் உறையின் தையல் கொஞ்சம் நெளியும். அதே அட்டை மாதிரியில் இன்னொன்று செய்யுங்கள். மாதிரியை மாற்றாமல் செய்தால்தான் கை எங்கே தேறியது என்பது தெரியும். “எவ்வளவுக்கு விற்கலாம்?” என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள், தோல் ஊரில் அந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. விலை பேசாதீர்கள். விலை வந்தால் கணக்கு வரும், கெடு தேதி வரும். அவற்றைப் பார்க்கத்தான் கம்பெனி இருக்கிறதே.