தூக்காதீர்கள், நகர்த்துங்கள்

கேள்வி: பாரிசவாதத்தில் கிடக்கும் மாமியாரைத் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போகிறது. சரியாகத் தூக்குவது எப்படி? (வாசகி, பசறை)

பதில்: முழங்காலை மடக்கு, முதுகை நிமிர்த்து என்பார்கள். அது போதாது. அமெரிக்க ஆய்வாளர் தோமஸ் வோட்டர்ஸ் 2007இல் கணக்கிட்டபடி, நோயாளியைத் தூக்குகையில் ஒருவர் பாதுகாப்பாகத் தாங்கக்கூடியது, எல்லாம் சாதகமாக இருந்தாலும், 35 இறாத்தல்தான்; சுமார் 16 கிலோ. 50 கிலோ மாமியாரை இருவர் தூக்கினாலும் ஆளுக்கு 25 கிலோ விழுகிறதே! முறையில் பிழையில்லை, தூக்குவதுதான் பிழை. "தேயிலைக் கொழுந்து சுமக்கிறவளுக்கு இது ஒரு பாரமா?" என்று லயத்தில் கேட்பார்கள். கொழுந்து முதுகோடு ஒட்டிக் கிடக்கும், அசையாது. நோயாளியையோ குனிந்து, கையை நீட்டிப் பிடிக்கிறோம். அவர் திடீரெனத் துவளுவார், கழுத்தைப் பற்றுவார். அதுவும் நாள் முழுக்க மலையில் நின்ற இடுப்போடு.

பாரந்தூக்கி இயந்திரம் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவுக்குள் திரும்பாது, உண்மைதான். ஆனால் வழுக்கும் விரிப்புக்கு அவ்வளவு இடம் வேண்டாம். மாமியாரை ஒருக்களித்து, படுக்கை விரிப்பின் கீழே வழவழப்பான பொலித்தீன் விரிப்பைச் செருகுங்கள். இருபுறமும் இருவர் நின்று, படுக்கை விரிப்பை அவர் உடம்போடு ஒட்டிப் பிடித்து, ஒரே நேரத்தில் இழுங்கள், தூக்க வேண்டாம். வேலை முடிந்ததும் பொலித்தீனை உருவிவிடுங்கள், இல்லாவிட்டால் அவரே வழுக்கி விழுவார். இடுப்பு வலியோடு உங்கள் கால் மரத்தாலோ வலுவிழந்தாலோ, தைலம் தேய்த்துக் காத்திராமல் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.