ஸம்ப்ரதாயச் சொற்களும் ஸ்வாபதேசப் பொருளும்

ஸ்ரீ:

வைகாசி விசாகம் நம்மாழ்வாரின் திருவவதாரத் திருநாள். அதனையொட்டி ஆழ்வார்திருநகரியில் நடைபெறும் பெருவிழாவின் ஐந்தாம் நாளிரவு, தாமிரபரணியின் இரு கரைகளிலும் விளங்கும் நவதிருப்பதி எம்பெருமான்கள் கருட வாகனத்தில் எழுந்தருள, ஆழ்வார் அன்ன வாகனத்தில் எழுந்தருளுவர். இக்காட்சியை ஸேவிக்க வரும் அடியார்கள் பலர் திருவாய்மொழிப் புத்தகமொன்றை வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகின்றனர். வீட்டில் அதனைத் திறந்தவுடன் இரண்டு தடைகள் எதிர்ப்படும். தெரிந்த சொல் தெரியாத பொருளில் வருதல் ஒன்று. சொல் ஒன்றைச் சொல்ல, கருத்து அதற்கும் உள்ளே நிற்றல் மற்றொன்று. இவற்றைக் கடக்கும் வழியைச் சுருக்கமாகக் காண்போம்.

தெரிந்த சொல், தெரியாத பொருள்

நூலில் 6-7-1 என்றிருந்தால், ஆறாம் பத்து, ஏழாம் திருவாய்மொழி, முதற்பாசுரம் என்று கொள்ள வேண்டும். இங்குப் 'பத்து' என்பது பத்துப் பாட்டன்று. நூற்றுக்கு மேற்பட்ட பாசுரங்களின் தொகுதி. 'திருவாய்மொழி' என்பது 1102 பாசுரங்கள் கொண்ட முழுநூலுக்கும் பெயர். அதனுள் அடங்கிய நூறு பகுதிகளில் ஒவ்வொன்றுக்கும் பெயர்.

உரைகளின் பெயர்களும் இத்தகையனவே. ஆறாயிரப்படி என்பதிலுள்ள 'படி' நெல்லளக்கும் படியன்று, ஏறும் படியுமன்று. 32 எழுத்துக்கள் கொண்டது ஒரு கிரந்தம். அதுவே படி எனப்படும். எம்பெருமானாருடைய நியமனத்தால் திருக்குருகைப்பிரான் பிள்ளான் அருளிய முதல் உரை அவ்வளவில் ஆறாயிரம் ஆதலின் அப்பெயர் பெற்றது. நம்பிள்ளை அருளிச்செய்ய வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்தியது ஈடு முப்பத்தாறாயிரப்படி.

இவற்றில் பிழைபட்டால் இழப்பு சிறிது. 'உபாயம்', 'சேஷன்' என்னும் சொற்களில் பிழைபட்டாலோ ஸித்தாந்தமே மாறிப்போம். உலகவழக்கில் உபாயம் என்றால் தந்திரம். ஸம்ப்ரதாயத்தில் அது பேற்றைப் பெறுவிக்கும் வழி. அவ்வழி எம்பெருமானே என்பது பூர்வாசார்யர்கள் துணிபு. தந்திரம் என்று கொண்டு படிப்பவன் சரணாகதியைப் பெருமாளிடம் செய்யும் ஒரு பேரமாக எண்ணிவிடுவான். அவ்வாறே, மிச்சப்பட்டதைச் சேஷம் என்று உலகம் கூறும். ஸம்ப்ரதாயத்தில் சேஷன் என்பவன் பிறனொருவனுக்குப் பெருமை சேர்ப்பதற்கென்றே இருப்பவன். அங்ஙனம் சேஷனாயிருப்பவன் ஜீவன். அவனையுடைய சேஷி எம்பெருமான்.

இதற்கு வடமொழி நூலார் ஒரு நியாயம் கூறுவர். சொல்லின் பகுதிகளைப் பிரித்துப் பெறும் பொருள் யோகம். வழங்கி வரும் பொருள் ரூடி. இரண்டும் மாறுபடின் ரூடியே வலிது. பங்கஜம் என்றால் சேற்றில் பிறந்தது என்பது யோகப்பொருள். ஆயினும் சேற்றில் முளைக்கும் கோரையைப் பங்கஜம் என்பாரில்லை. தாமரையையே அச்சொல் குறிக்கும். ஆதலின் அகராதிப் பொருளோடு நில்லாமல், அந்நூலை ஓதுவாரிடம் அச்சொல் வழங்கும் பொருளைக் கேட்டறிதல் வேண்டும்.

சொல்லுக்கு உள்ளே நிற்கும் கருத்து

'தாமிரபரணிமேல் ஸ்ரீவைகுண்டம் உள்ளது' என்று ஒருவர் கூறினால், ஊர் நீர்மேல் மிதப்பதாக எவரும் கொள்வதில்லை. நேர்ப்பொருள் பொருந்தாமையால், ஆற்றோடு தொடர்புடைய கரையைக் கொள்கிறோம். கரை என்னாது ஆறு என்றதனால் ஊரின் குளிர்ச்சியும் தூய்மையும் தோன்றுகின்றன. இதற்கு லக்ஷணை என்று பெயர். நேர்ப்பொருளுக்குத் தடை உண்டா, கொண்ட பொருளுக்கு அதனோடு தொடர்பு உண்டா, அங்ஙனம் சொன்னதற்கு வழக்கோ பயனோ உண்டா என்னும் மூன்றையும் ஆராய்ந்தே லக்ஷணையைக் கொள்ள வேண்டும்.

ஆழ்வார் பெண்பேச்சாக அருளிய இடங்களோ இதனின் வேறுபட்டவை. அங்கு நேர்ப்பொருள் தள்ளப்படுவதில்லை. அது நிற்க, அதனுள்ளே மற்றொரு பொருள் ஒளிரும். வெளிப்படையான பேச்சு அந்யாபதேசம், உள்ளுறை ஸ்வாபதேசம். திருவாய்மொழியில் இத்தகைய பகுதிகள் 27. அவற்றுள் தாய் பேச்சு 7, தோழி பேச்சு 3, மகள் பேச்சு 17.

இம்மூவரும் வேறு வேறு பெண்களல்லர். ஆழ்வார் ஒருவருடைய மூன்று நிலைகள் என்பதை அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் ஆசார்ய ஹ்ருதயத்தில் தெளிவாக்கினார். எம்பெருமானோடுள்ள உறவை உணர்த்தும் நிலை தோழி. அவனே உபாயம் என்று துணிந்திருக்கும் நிலை தாய். பேறு உடனே கிட்ட வேண்டுமென்று பதறும் நிலை மகள். திருமந்திரத்திலுள்ள பிரணவம், நமஸ், நாராயணாய என்னும் மூன்று பதங்களின் பொருளும் முறையே இவையே.

நவதிருப்பதி யாத்திரை செய்பவர் இம்மூன்றையும் மூன்று ஊர்களிலே காணலாம். இரட்டைத் திருப்பதியாகிய தொலைவில்லிமங்கலத்தைப் பற்றிய 6-5 தோழி பேச்சு. இவளிடம் வைத்த ஆசையை விடுங்கள் என்று தோழி தாய்மாரிடம் கூறுகிறாள். ஜீவன் எம்பெருமானுக்கன்றி வேறொருவர்க்கும் உரியதன்று என்பது உள்ளுறை. திருக்கோளூரைப் பற்றிய 6-7 தாய் பேச்சு. மகள் தானே புறப்பட்டுச் சென்றாளே என்று தாய் கலங்குகிறாள். அவன் வந்து கொள்ளுமளவும் காத்திருப்பதன்றோ முறை என்னும் துணிவே அக்கலக்கத்தின் உயிர். தென்திருப்பேரையைப் பற்றிய 7-3 மகள் பேச்சு. ஊரார் பழிக்கும் அஞ்சாமல் அங்கே சென்று சேர்வேன் என்கிறாள். துணிவு இருந்தும் ஆற்றாமை அடங்காத பதற்றம் அது.

இங்கே இரண்டு பிழைகள் நேரக்கூடும். உள்ளுறை அறியாதவன், வீட்டை விட்டுச் சென்ற ஒரு பெண்ணின் கதை என்று புத்தகத்தை மூடிவிடுவான். உள்ளுறை ஒன்றே போதுமென்பவனோ, தாயின் கண்ணீரைக் காணாமல் தத்துவத்தைத் தேடுவான். முன்னவனுக்குப் பொருள் கிட்டாது. பின்னவனுக்கு உருக்கம் கிட்டாது. வ்யாக்யாதாக்கள் முதலில் தாயைத் தாயாகவே பேசவைத்துப் பின்னரே ஸ்வாபதேசம் அருளிச்செய்த முறையைக் கைக்கொண்டால் இரண்டும் கிட்டும். அவர்கள் உள்ளுறை காட்டாத இடத்தில் நாமாகக் கற்பித்தலும் தகாது.

இப்பாடம் புத்தகத்தில் மட்டும் உள்ளதன்று. ஸந்நிதியில் தீர்த்தம் பெற்றபின் அடியார்கள் தலைமேல் சாதிக்கப்படுவது எம்பெருமானுடைய திருவடிநிலை. அதற்கு வழங்கும் பெயரோ ஸ்ரீசடகோபம். அஃது ஆழ்வாருடைய திருநாமம். திருவடிக்கு அடியவர் பெயர் எங்ஙனம் பொருந்தும் எனின், அவன் திருவடியாகவே நம்மாழ்வார் விளங்குகிறார் என்பது உள்ளுறை. இதனை அறிந்து தலைவணங்குபவர், பாசுரம் படிக்கும் முறையில் முதற்பாடத்தைக் கற்றவராவர்.

ஆழ்வார் திருவடிகளே சரணம்.