அலுமாரிக்கு மேல் கிடக்கிற ஸ்பெக்ட்ரமைக் கீழே இறக்குறதுக்கு முதல்

எண்பதுகளில் லண்டனிலிருந்து லீவில் வந்த மாமாவோ சித்தப்பாவோ பிள்ளைகளுக்கென்று கொண்டுவந்த செட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், கொழும்பில் சில வீடுகளில் இன்னும் அலுமாரிக்கு மேல்தான் கிடக்குது. 1982இல் வந்த வீட்டுக் கொம்பியூட்டர். கறுப்புப் பெட்டி, ரப்பர் பொத்தான், மூலையில் நாலு நிறக் கோடு. எடுத்துத் துடைச்ச கையோட பிளக்கில் போடப் போற தம்பி, தங்கச்சிமாரே, கொஞ்சம் பொறுங்க. அக்கா சொல்றதைக் கேட்டுட்டுப் போடுங்க.

பழசுதானே என்று இளக்காரமும் வேண்டாம். ஆர்தர் சி. கிளார்க் கொழும்பில் இருந்துகொண்டே, '2010' படத்துக்காக அமெரிக்காவில் இருந்த இயக்குநர் பீட்டர் ஹயம்ஸோட 1983, 84இல் டெலிபோன் லைன் வழியா எழுதிப் பரிமாறினது கேப்ரோ கொம்பியூட்டரில். அதுக்குள்ளே வேலை செஞ்சதும் ஸ்பெக்ட்ரத்தில் இருக்கிற அதே செட்80 சிப்தான்.

1. முதலில் அடாப்டரைத் திருப்பி, அடியில் எழுதியிருக்கிறதை வாசிங்க. லண்டன் சாமான் என்றால் 240 வோல்ட், நம்ம 230க்குப் பிரச்சினையில்லை. டொரொன்டோ அத்தை அனுப்பின கொமடோர் 64 என்றால் 120 வோல்ட். நேரா குத்தினீங்க என்றால் புகைதான் வரும். ஸ்பெக்ட்ரத்துக்கு அடாப்டர் இல்லையென்று ரவுட்டர் அடாப்டரைச் செருகிப் பார்க்கிற கெட்டித்தனம் வேண்டவே வேண்டாம். இதுக்குத் தேவை 9 வோல்ட், அதுவும் பின்னுக்கு நடுவில் மைனஸ், வெளியே பிளஸ். கடையில் கிடைக்கிற அனேகமானது அதுக்கு நேர்மாறு.

2. 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் நனைஞ்ச வீட்டுச் சாமானா? அப்படியென்றால் கரண்டே கொடுக்காதீங்க. கழற்றிச் சுத்தம் பண்ணின பிறகுதான் மற்றதெல்லாம்.

3. புது டிவி தானாத் தேடினா இதைப் பிடிக்காது. அனலொக்கில் வைச்சு, யூஎச்எஃப் 36ஆம் சேனல் பக்கம் கையால் தேடுங்க. படம் மங்கலா, பொரிப் பொரியா இருந்தா டிவியைத் திட்ட வேண்டாம். உள்ளே இருக்கிற மொடியூலேட்டரை விலக்கி, டிவியின் மஞ்சள் ஓட்டைக்கு நேரா சிக்னல் எடுக்கலாம். ஒருகொடவத்தைச் சந்திப் பக்கம் பழைய ரேடியோ, டிவி திருத்துற பாஸ் யாராவது இருந்தா அவரிடம் கொடுங்க. லெப்டொப் மட்டும் பார்க்கிற கடைப் பொடியனிடம் கொடுத்தா, "புதுசு வாங்குங்க" என்றுதான் சொல்லுவான்.

4. சொஃப்ட்வெயர் தேட முதல், மெமரி எவ்வளவு என்று பாருங்க. 'பிரிண்ட் பீக் 23732 + 256 * பீக் 23733' என்று அடிங்க. 65535 வந்தா 48கே முழுசா இருக்கு. 32767 வந்தா ஒன்று 16கே மொடல், இல்லாட்டி மேல் மெமரி செத்துப்போச்சு. இது தெரியாம 48கே கேமை ஏத்திட்டு மணிக்கணக்கா மல்லுக்கட்டுறவங்கதான் அதிகம்.

5. இப்ப சொஃப்ட்வெயர். பழைய கெசட் தேடிப் புறக்கோட்டை முழுக்க அலைய வேண்டாம். வேர்ல்ட் ஒஃப் ஸ்பெக்ட்ரம், இன்டர்நெட் ஆர்க்கைவ் இரண்டிலும் தேவையானதுக்கு மேலேயே இருக்கு. சில கம்பெனிகள் தங்கட கேமைப் பகிர அனுமதி கொடுக்கேல்லை, அதை விடுங்க. இலவசமாத் தாற புதுக் கேம்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கு. ஃபைல் ஒவ்வொன்றும் வாட்ஸ்அப்பில் வாற ஒரு ஃபோட்டோவைவிடச் சின்னது. அதுக்குப்போய் "டவுன்லோடரைப் போடு" என்று கேட்கிற சைட் என்றால் உடனே மூடுங்க.

இறக்கின டேப் ஃபைலை 'டேப்2வேவ்' என்ற இலவசப் புரோகிராமால் சத்தமா மாத்தி, ஃபோனில் போட்டு, வயரை ஸ்பெக்ட்ரத்தின் 'இயர்' ஓட்டையில் குத்துங்க. ஜே பொத்தானை அமத்தினா 'லோட்' வரும், பிறகு சிம்பல் ஷிஃப்டோட பி-யை இரண்டு தரம், என்டர். இந்த இடத்தில்தான் எல்லாரும் பிழைவிடுறது:

• எம்பி3 ஆக்காதீங்க, வேவ்-ஆவே இருக்கட்டும். சுருக்கினா சிக்னல் கெட்டுப்போகும்.
• ஈக்குவலைசர், பாஸ் பூஸ்ட் எல்லாத்தையும் நிறுத்துங்க. சத்தத்தை முக்கால்வாசிக்கு மேலே வைங்க.
• ஃபோனை ஏரோபிளேன் மோடில் போடுங்க. கேம் ஏறி முடிய ஐந்து நிமிஷம் வரை போகும். நாலாவது நிமிஷத்தில் அம்மா "சாப்பிட்டியா" என்று அனுப்புற மெசேஜின் 'டிங்' போதும், 'டேப் லோடிங் எரர்' வாறதுக்கு.
• திரையின் ஓரத்தைப் பாருங்க. முதலில் சிவப்பும் வெளிர்நீலமுமா அகலக் கோடு ஓடும், பிறகு நீலமும் மஞ்சளுமா மெல்லிய கோடு. கோடே வரேல்லை, இல்லாட்டி சிவப்பிலேயே நின்றுட்டுது என்றால் சத்தத்தைக் கூட்டிக் குறைச்சுப் பாருங்க. ஸ்பெக்ட்ரத்தில் பிழையிருக்காது.

6. வீட்டில் இருக்கிற பழைய கெசட்டைக் கண்டவுடனே போடாதீங்க. வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்க வீடென்றால் ஈரக்காத்தில் பூஞ்சணம் பிடிச்சிருக்கும், அது பிளேயரின் ஹெட்டில் ஒட்டி அடுத்த கெசட்டையும் கெடுக்கும். வெள்ளையா ஏதும் தெரிஞ்சா அதைத் தனியா வைங்க. நல்லதை ஒருதரம் ஓடவிட்டு லெப்டொப்பில் பதிஞ்சு வைங்க. இரண்டாந்தரம் அது ஓடும் என்று என்ன நிச்சயம்?

7. ஸ்பீட் கூட்டணுமா? 3.5 மெகாஹெர்ட்ஸ் சிப்பை நோண்டாதீங்க, அதைக் கூட்டினா கேமெல்லாம் குழம்பும். உண்மையில் நேரம் தின்னுறது டேப்தான். காசு செலவழிக்கிற எண்ணம் இருந்தா எஸ்டி கார்ட் போடுற டிவ்எம்எம்சி ஒன்று எடுங்க, ஐந்து நிமிஷ லோடிங் சில செக்கனில் முடியும். ஆனா கரண்ட் இருக்கும்போது பின்பக்கத்தில் இப்படியான எதையும் செருகவோ கழற்றவோ கூடாது. ஸ்பெக்ட்ரத்துக்கு சுவிட்சே இல்லை, அதனால் கரண்ட் வயரைக் கழற்றிட்டுத்தான் கை வைக்கணும். அனேகம் பேர் மெஷினைக் கொன்றது இப்படித்தான்.

8. பேசிக் மொழியில் நீங்களே புரோகிராம் எழுதுறீங்களா? அடிக்கடி கூப்பிடுற சப்ரூட்டீனைப் புரோகிராமின் தொடக்கத்திலேயே வைங்க. ஒவ்வொரு 'கோ சப்'புக்கும் இது முதல் வரியிலிருந்து தேடிக்கொண்டுதான் வரும், கடைசியில் வைச்சா அவ்வளவும் வீண் நேரம். பழைய புத்தகங்களில் எண்ணை 'வால்'க்குள் மேற்கோள்குறி போட்டு எழுதச் சொல்லியிருப்பாங்க. அது மெமரியை மிச்சம் பிடிக்கத்தான், ஸ்பீட் குறையும். திரும்பத் திரும்ப ஓடுற லூப்புக்குள் அதை வைக்காதீங்க.

வேலை முடிஞ்சா மேலே ஒரு துணியைப் போட்டு மூடுங்க. கன்டெய்னர் லொறி ஓடுற ரோட்டோரம் இருந்துகொண்டு, பொத்தான் இறுகுது என்று பிறகு என்னட்ட வராதீங்க.