அஞ்சு ரூபா பாக்கி இருக்கட்டும்

பனமலைப் பக்கம் டீச்சராவோ நர்ஸாவோ போஸ்டிங் வாங்கிக்கிட்டு வர்ற பொண்ணுங்க முதல் மாசம் சொல்றது ஒண்ணுதான்: "எல்லாரும் நல்லாத்தான் பேசறாங்கக்கா, ஆனா எனக்குன்னு ஒருத்தர் இல்ல." விழுப்புரத்துலயோ திண்டிவனத்துலயோ ரூம் போட்டுட்டு, காலைல வந்து சாயந்திரம் ஓடிட்டா அப்படித்தான் இருக்கும். ஊருக்குள்ளயே வீடு பாரு, தங்கச்சி. மீதியை நான் சொல்றேன்.

முதல்ல அந்த ஜிபேயைக் கொஞ்சம் மூடி வை. கடைக்காரம்மா "அஞ்சு ரூபா சில்லறை இல்லயா? சரி, நாளைக்குக் குடு"ன்னா, உடனே போனை நீட்டி ஸ்கேன் பண்ணாதே. பாக்கி இருக்கட்டும். நாளைக்குக் குடுக்கப் போவே, போனா "மழை பெஞ்சுதே, வூடு ஒழுகலயா?"ன்னு அவங்களே ஆரம்பிப்பாங்க. அதுக்காக அஞ்சு ரூபாயை ஐநூறு ஆக்கிடாதே. அப்புறம் கடைப்பக்கம் தலைகாட்ட முடியாது.

காய்கறிக்கும் இதேதான். விழுப்புரம் உழவர் சந்தைக்குப் போனா பத்துக் கடை ஏறி இறங்கி ரெண்டு ரூபா மிச்சம் பிடிக்காதே. ஒரே அக்காகிட்ட மூணு வாரம் தொடர்ந்து வாங்கு. நாலாவது வாரம் கேக்காமலே கறிவேப்பிலையும் பச்சை மிளகாயும் கொசுறா விழும். "கத்திரிக்கா இன்னைக்கு வேணாம், புழு"ன்னு தன் சரக்கைத் தானே குறை சொல்வாங்க. அப்பவே நீ அவங்க ஆளுன்னு எடுத்துக்கோ. கானா, நைஜீரியா சந்தைகள்லயும் அளந்து போட்டதுக்கு மேல ஒரு கை அள்ளிப் போடற வழக்கம் இருக்கு. கானாவுல குமாசின்னு ஒரு ஊரு, பெரிய சந்தை, வியாபாரம் முழுக்கப் பொம்பளைங்க கையில. யாம் கிழங்குக்கு ஒரு ராணி, தக்காளிக்கு ஒரு ராணின்னு சரக்குக்கு ஒரு தலைவி உண்டு. சண்டை வந்தா தீர்த்து வைக்கிறதும் அவங்கதான்.

நம்ம தெருவுலயும் அப்படி ஒரு ராணி இருப்பாங்க. பட்டம் மட்டும் இருக்காது. அங்கன்வாடி டீச்சரா இருக்கலாம், மகளிர் குழுத் தலைவியா இருக்கலாம், ஜாக்கெட் தைக்கிற அக்காவா இருக்கலாம். முதல் வாரமே கண்டுபிடி. ரெண்டு ஜாக்கெட் துணியை எடுத்துக்கிட்டுப் போய் உட்காரு. தச்சு முடியறதுக்குள்ள தெரு முழுக்க உனக்கு அறிமுகம்.

ஆனா இதையெல்லாம் விட நான் நம்பறது மல்லாட்டையை, அதான் வேர்க்கடலையைத்தான். மார்கழிப் பட்டத்துக்கு விதைக்கணும்னா அதுக்கு முன்னாடி கொட்டையை உரிச்சாகணும். மிஷின்ல போட்டா பருப்பு ரெண்டா உடையும், சிவப்புத் தோலு கிழியும், அது முளைக்காது. அதனால விதைக்கு மட்டும் கையாலதான். சாயந்திரம் திண்ணையில சாக்கை விரிச்சு நாலஞ்சு பேரு உட்கார்ந்திருப்பாங்க. நீயும் போய் உட்காரு, யாரும் கூப்பிடணும்னு காத்திருக்காதே. கொட்டையோட மூக்குப் பக்கமா கட்டைவிரலை வச்சு அமுக்கு, 'டப்'னு வாயைத் திறக்கும். பருப்பு முறத்துல, தோடு கீழே, சொத்தை தனியா. பத்து நிமிஷத்துல விரல் நுனி எரியும். சொல்லாதே, அவங்களே பார்த்து, "டீச்சருக்கு நகம் போச்சு"ன்னு சிரிப்பாங்க. கண்ணு ரெண்டும் முறத்துல இருக்கறதால யாரும் யாரு மூஞ்சியையும் பார்க்கத் தேவையில்ல. மாமியார் கதை, மருமக கதை, அடகு வச்ச தோடு எல்லாம் அந்த நேரத்துலதான் வரும். கேட்டதை அடுத்த திண்ணைக்குக் கொண்டுபோகாம இருந்தா, மறுநாள் உனக்கு இடம் போட்டு வச்சிருப்பாங்க.

பேச்சை ஆரம்பிக்கத் தெரியலயா? ஏரியைக் கேளு. திருவண்ணாமலைப் பக்கமிருந்து வர்ற நந்தன் கால்வாய் பனமலை ஏரியிலதான் முடியுது. "இந்த வருசம் தண்ணி வந்துச்சா?"ன்னு ஒரு கேள்வி போதும், அரை மணி நேரம் நீ வாயே திறக்க வேணாம். மலைமேல தாளகிரீஸ்வரர் கோயிலுக்கும் தனியாப் போகாதே. ராஜசிம்ம பல்லவன் கட்டினது, சுவர்ல பார்வதி ஓவியம் இருக்குன்னு நீ படிச்சிட்டு வந்திருப்பே. அதைப் போய்ப் பாடம் நடத்தாதே. பிரதோஷத்துக்குப் போற பக்கத்து வூட்டு ஆயா கூட ஏறு, அவங்க சொல்ற கதையைக் கேளு.

இப்ப ஒரு கசப்பான விஷயம். "எந்த ஊரு? யாரு வூட்டுப் பொண்ணு?"ன்னு சுத்திச் சுத்திக் கேட்டுட்டு, கடைசியில "நீங்க என்ன ஆளுங்க?"ன்னு வந்து நிப்பாங்க. ஊர் பேரைச் சொல்லு, அப்பா வேலையைச் சொல்லு, அதோட நிறுத்து. கோவப்படவும் வேணாம், பதில் சொல்லவும் வேணாம். முதல் வாரத்துலயே ஊர்த்தெருவுல ஒரு வூட்டுலயும் காலனியில ஒரு வூட்டுலயும் உட்கார்ந்து டீ குடிச்சிடு. தள்ளிப்போட்டா, நீ எந்தப் பக்கம்னு ஊரே முடிவு பண்ணிடும். அப்புறம் மாத்தறது ரொம்பக் கஷ்டம்.

டவுன் பஸ்ஸுல தினம் ஒரே நேரத்துக்கு ஏறு. 2021 மே மாசத்துல பொம்பளைங்களுக்குக் கட்டணம் இல்லன்னு ஆனதுல இருந்து சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போறவங்க அதிகம். காதுல ஹெட்செட் மாட்டாம இருந்தாலே போதும்.

பங்குனி, சித்திரையில திரௌபதி அம்மன் கோயில்ல பாரதக் கூத்து நடந்தா பாயோட போயிடு. விடிய விடிய உட்கார முடியாதுன்னா பரவால்ல, பாதியில அங்கேயே தூங்கு, எல்லாரும் அப்படித்தான். துரியோதனன் சாயற படுகளத்தன்னைக்கு மட்டும் எழுப்பச் சொல்லிடு.

இவ்வளவு பழகினதும் ஒருத்தர் வருவாங்க: "டீச்சரு, குழு லோனுக்கு ஒரு கையெழுத்து." 1989-ல தருமபுரியில ஆரம்பிச்சுப் பரவின மகளிர் குழு வேற, வாராவாரம் வசூலுக்கு வர்ற தனியார் ஃபைனான்ஸ் குழு வேற. அந்த ஃபைனான்ஸ் குழுவுல ஒருத்தர் கட்டலன்னா மத்தவங்க தலையில விழும். கையெழுத்துப் போடாதே. அதுக்காக முகத்தையும் திருப்பிக்காதே. "வூட்டுல ஒத்துக்க மாட்டாங்கக்கா"ன்னு சொல்லிட்டு, கையில இருக்கற ஐநூறை, திரும்பி வராதுன்னு நினைச்சே குடுத்துடு. மறுநாள் சாயந்திரம் அதே திண்ணைக்குப் போய் உட்காரு.