நிலைத்த பக்கமும் நாள்பதிவும்



சென்ற ஆண்டு நம் மன்றத்தின் வலைத்தளத்தைக் கவனிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. முதலாண்டில் சேர வந்த மாணவி ஒருவர் தருமபுரியிலிருந்து இரவு பத்து மணிக்கு மெஜஸ்டிக் பேருந்து நிலையத்தில் வந்து இறங்கினார். தங்குமிடத்திற்கு யாரை அழைப்பது என்றறிய நம் தளத்தைத் திறந்தார். ஆண்டு விழாப் படங்கள், பட்டிமன்றச் செய்தி, கைப்பந்துப் போட்டி முடிவு எனப் பதிவுகள் நீண்டன. உதவி எண் இருந்தது. ஆனால் பன்னிரண்டு பதிவுகளுக்குக் கீழே கிடந்தது. அதைக் காணாமல் அவர் விடியும்வரை நிலையத்திலேயே அமர்ந்திருந்தார். மறுநாள் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனெனில் பிழை என்னுடையது.

அப்பிழை யாது? நம் தளம் வேர்டுபிரஸ் என்னும் மென்பொருளால் இயங்குகிறது. 2003-இல் அது நாள்பதிவு எழுதுவோருக்காகவே தோன்றியது. நாள்பதிவில் புதியது மேலே நிற்கும். பழையது கீழே இறங்கும். நிலைத்த பக்கங்கள் 2005-இல்தான் அதில் சேர்ந்தன. மெனு என்னும் வழிகாட்டிப் பட்டியை நம் விருப்பம்போல் அமைக்கும் வசதி 2010-இல் வந்தது. இன்றும் நாம் மாற்றிச் சொல்லாவிட்டால் அது முகப்பில் பதிவுகளையே அடுக்கும். நான் மாற்றிச் சொல்லவில்லை.

நூலகத்தை எண்ணிப் பாருங்கள். செய்தித்தாள் நாள்தோறும் மாறும்; அகராதி தன் அடுக்கிலேயே இருக்கும். அகராதியைப் பழைய செய்தித்தாள்களுக்கு அடியில் வைத்தால் யார் கண்டெடுப்பார்? ஆகவே, நிகழ்ச்சிச் செய்தி பதிவாகட்டும். உதவி எண், உறுப்பினராகும் முறை, நூலக நேரம் ஆகியவை பக்கங்களாகட்டும்.

இனிச் செய்முறையைக் காண்போம்.

முதலாவது, ‘முகப்பு’, ‘செய்திகள்’ என இரு பக்கங்களை உண்டாக்குக. முகப்பில் வரவேற்புரையும் உதவி எண்ணும் எழுதுக. செய்திகள் பக்கத்தை வெறுமையாக விடுக; பதிவுகள் தாமே அங்கு வந்து சேரும்.

இரண்டாவது, செட்டிங்ஸ் பகுதியில் ரீடிங் என்பதைத் திறந்து, நிலைத்த பக்கமே முகப்பு எனத் தெரிவு செய்க. முகப்புக்கும் பதிவுகளுக்கும் உரிய இரு பக்கங்களையும் அங்கே குறித்திடுக. இரண்டிற்கும் ஒரே பக்கத்தைக் கொடுத்தல் ஆகாது.

மூன்றாவது, அப்பியரன்ஸ் பகுதியில் மெனுவை அமைக்க. சில புதிய தீம்களில் இது எடிட்டருக்குள் நேவிகேஷன் என்ற பெயரில் இருக்கும். முகப்பு, உதவி, நூலகம், செய்திகள், தொடர்பு என்னும் ஐந்தே போதும். செய்திகளின் கீழ் ‘நிகழ்ச்சிகள்’ என்னும் பதிவு வகையைச் சேர்த்திடின், அவ்வகையில் பின்னர் எழுதும் பதிவுகளெல்லாம் தாமே அங்கே தோன்றும்.

நான்காவது, பக்கத்தின் முகவரியைச் சுருக்கமான ஆங்கில எழுத்துகளில் வைக்க. தமிழ்ப்பற்றுக்கு இது இழுக்கன்று. யூனிகோடில் ‘உதவி’ என்பது நான்கு குறியீடுகள். ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள். முகவரியை நகலெடுக்கும்போது பெரும்பாலும் ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்தாக மாறிவிடும். ஆக, ஒரு சிறு சொல் முப்பத்தாறு எழுத்தாகி நிற்கும். தலைப்பு மட்டும் தமிழிலேயே இருக்கட்டும்.

நிற்க. நிலைத்த பக்கம் என்றால் மறந்துவிடத்தக்க பக்கம் என்று பொருளன்று. ஆண்டுதோறும் நம் செயலாளர் மாறுகிறார். அவரோடு உதவி எண்ணும் மாறுகிறது. பழைய எண் நிற்கும் பக்கம், எண்ணே இல்லாத பக்கத்தினும் கேடு பயக்கும்.

எனவே எனக்குப்பின் இப்பொறுப்பை ஏற்கும் நண்பருக்கு ஒரு வேண்டுகோள். சேர்க்கை தொடங்குமுன் தளத்தை ஒருமுறையும் பாராத ஒருவரிடம் கைப்பேசியைக் கொடுத்து, ‘உதவி எண்ணைக் கண்டுபிடி’ என்று கேளுங்கள். அவர் தடுமாறினால் மெனுவைத் திருத்துங்கள். கண்டுபிடித்துவிட்டால், அந்த எண்ணை நீங்களே ஒருமுறை அழைத்துப் பாருங்கள்.