1951-இன் உடம்பு, எஸ்-10-இன் எலும்பு

டெட்ராய்ட் நகரத்துக்கு அடியில், ஆயிரம் அடிக்கும் கீழே, ஓர் உப்புச் சுரங்கம் இருக்கிறது. பனிக்காலத்தில் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். "வண்டியைச் செய்ததும் இந்த ஊர்தான், தின்பதும் இந்த ஊர்தான்" என்பார் பக்கத்து வீட்டுப் பெரியவர். கார் ஆலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

என்னிடம் வந்து சேர்ந்த 1951 செவர்லே 3100 பிக்கப்பின் சேஸை உப்பு தின்று முடித்திருந்தது. கேபினும் மட்கார்டுகளும் ஓரளவு தப்பித்திருந்தன. அடியில் படுத்து ஸ்குரூ டிரைவரால் குத்தினால் கிராஸ் மெம்பர் முறுக்கு மாதிரி உதிர்ந்தது. அதே மாடல் சேஸைத் தேடாமல், செவர்லேயின் பிற்கால மாடலான எஸ்-10 பிக்கப்பின் சேஸைப் போடுவது என்று முடிவு செய்தேன். பழைய வண்டிக்கு முன்னால் ஒரே தண்டாக அச்சு, நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். எஸ்-10-இல் முன்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன், டிஸ்க் பிரேக். சேஸோடு அதெல்லாம் கூடவே வந்துவிடும். இங்கே பலரும் செய்கிற வேலைதான்.

முதலில் வாங்கிய எஸ்-10 இதே மிச்சிகனில் ஓடியது. மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கி, வீட்டுக்கு வந்த பிறகுதான் சுத்தியலால் தட்டினேன். நல்ல இரும்பு 'டங்' என்னும். துரு தின்ற இரும்பு 'தொப்' என்னும். பின்அச்சுக்கு மேலே சேஸ் வளைகிற இடத்தில் சுத்தியலே உள்ளே போய்விட்டது. இரண்டாவதை அரிசோனாவிலிருந்து வரவழைத்தேன். லாரி வாடகை, வண்டி விலையைத் தாண்டியது. உப்பு படாத ஊரிலிருந்து வாங்குங்கள்; முடியாவிட்டால் சுத்தியலோடு போங்கள்.

அடுத்தது நீளம். 3100-இல் முன், பின் சக்கர மையங்களுக்கு இடையே 116 அங்குலம். எஸ்-10 சேஸோ மூன்று நீளத்தில் வந்தது: 108.3, 117.9, 122.9. நடுவிலுள்ளதை வாங்கினேன். வித்தியாசம் 1.9 அங்குலம்தானே என்றேன். பெரியவர் பதில் சொல்லாமல் மட்கார்டை எடுத்துச் சக்கரத்தின் மேல் பிடித்துக் காட்டினார். சக்கரம் வளைவுக்குள் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது. கடன்வாங்கிய செருப்பு மாதிரி இருந்தது.

சேஸை வெட்டி ஒட்ட எனக்குத் துணிவில்லை. கமான் பட்டைகளைப் பிடித்திருந்த தாங்கிகளின் ரிவெட்டுகளைத் தேய்த்தெடுத்து, அவற்றை 1.9 அங்குலம் முன்னால் தள்ளி, உயர்தர போல்ட் போட்டு முடுக்கினோம். ஷாக் அப்சார்பரின் பிடிமானமும் கூடவே நகர்ந்தது. புரொபெல்லர் ஷாஃப்டை மட்டும் கடையில் கொடுத்து அதே அளவு குறைத்து, பேலன்ஸ் பார்த்து வாங்கினோம். அதை வீட்டில் செய்ய ஆசைப்படாதீர்கள்.

கேபினைத் தூக்குவதற்கு முன், பழைய சேஸில் அது நிற்கும்போதே எல்லா அளவுகளையும் எடுத்துவிட வேண்டும்: தரையிலிருந்து கேபினின் அடிவிளிம்பு, கதவுக் கீலிலிருந்து முன்சக்கர மையம், ரேடியேட்டரின் உயரம். காகிதம் கிரீஸில் ஊறிவிடும் என்று கராஜ் சுவரிலேயே எழுதினேன். சுவருக்கு எப்போது பெயிண்ட் என்று மனைவி இன்னும் கேட்கிறாள். கதவு வாசல்களுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்டு செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் கேபின் கோணிக்கொள்ளும், கதவு மூடாது.

புதுப் பிடிமானங்களுக்கு முதலில் புள்ளி வெல்டு மட்டும் போதும். மட்கார்டு, பானட், ரேடியேட்டர், ஸ்டீயரிங் தண்டு எல்லாவற்றையும் மாட்டிப் பார்த்த பிறகே முழு வெல்டு. பெரியவர் ஊரில் இல்லாத ஒரு வாரத்தில் நான் அவசரப்பட்டேன். இரண்டு நாள் கிரைண்டரோடு போயிற்று. எஸ்-10 சேஸ் பின்அச்சின் மேல் மேடாக ஏறுவதால், பின்பக்கச் சரக்குப் பெட்டியின் மரத்தளத்தையும் சில அங்குலம் உயர்த்த வேண்டிவந்தது.

துருவின் மேல் கறுப்பு ரப்பர் பூச்சு அடிப்பதை நிறுத்துங்கள். அது ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும். சேஸின் உட்புறத்தைக் கழுவிக் காயவைத்து, நீளக் குழாயால் மெழுகு பீய்ச்சினேன். தண்ணீர் வடியும் துளைகளை அடைக்கவில்லை.

3100-இன் அடையாள எண் தகடு கதவுத் தூணில் இருக்கிறது. அதில் கை வைக்கவில்லை. எஸ்-10 வாங்கிய ரசீதும் உரிமைப் பத்திரமும் பத்திரமாக இருக்கின்றன. விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும், ஆகவே பதிவு அலுவலகத்தில் கேட்டுவிட்டே கிரைண்டரைத் தொட்டேன்.

முதல் ஆயிரம் மைல் ஓடும்வரை பழைய சேஸைக் காயலான் கடைக்குப் போடாதே, மறந்த அளவுக்கு அதுதான் சாட்சி என்றார் பெரியவர். ஆயிரத்தைத் தாண்டி மூன்று வருடமாகிறது. அது இன்னும் கொல்லையில்தான் கிடக்கிறது.